விலா நோகச் சிரித்தவர்

குடிநீர் மீட்டர் பழுதுபார்க்கும் பட்டறையில் அவருக்கு வைத்திருந்த பெயர் ஓப்பனிங். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. பத்தொன்பது வருடமாக அங்கே மெக்கானிக். கைராசிக்காரர் என்று பெயர் வாங்கியவர்தான். ஆனால் பட்டப்பெயர் கை வேலையால் வந்ததல்ல, வாய் வேலையால் வந்தது.

இப்போதைய அதிகாரி வந்து நாலு வருடம் ஆகிறது. தினமும் காலை ஒன்பதரைக்கு எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து அன்றைய வேலையைச் சொல்வார். சொல்லி முடித்ததும் ஒரு ஜோக் அடிப்பார். தினசரிக்கென்று அவரிடம் இருந்தது மொத்தம் பதினோரு ஜோக். பன்னிரண்டாவது நாள் முதல் ஜோக் திரும்ப வந்துவிடும். வந்த புதிதில், ஜோக் முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் எல்லோரும் முழித்துக்கொண்டு நின்றார்கள். அதிகாரியின் முகம் சுருங்க ஆரம்பித்த அந்த நொடியில், நம்முடைய மெக்கானிக்தான் முந்திக்கொண்டு 'ஹஹ்ஹஹ்ஹா' என்று தொடங்கிவைத்தார். அவர் தொடங்கியதும் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து சிரிப்பைத் தொடங்கிவைக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. பெயரும் ஒட்டிக்கொண்டது.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல சிரிப்பு அது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தோள் குலுங்கி, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டுவதில் போய் முடியும். இடையில் 'ஐயோ சார்' என்று ஒரு தடவை வரும். அந்த 'ஐயோ சார்' எப்போது வரும் என்று பட்டறைக்கே மனப்பாடம். அவருக்கு இரண்டு அடி தள்ளி நிற்கும் ஸ்டோர்கீப்பர், மெக்கானிக்கின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்து, அது விரிந்த மறுகணம் சேர்ந்துகொள்வார். எப்போதும் இரண்டாவது ஆள் அவர்தான். அந்த வருத்தம் அவருக்கு உண்டு.

மெக்கானிக் ஒன்றும் சிரிப்பு வந்து சிரிக்கவில்லை. அவருக்கு வேண்டியது ஒரு நாற்காலி. பட்டறையின் ஓரத்தில் மூன்று படி ஏறினால் சூப்பர்வைசர் அறை. சிமெண்டுத் தரை, ஜன்னல், முதுகு சாய்க்கிற மாதிரி ஒரு நாற்காலி. எல்லாவற்றையும் விட முக்கியம், அந்த அறையில் ஈரம் கிடையாது. கீழே சோதனை மேடையில் புது மீட்டர்களை வரிசையாகப் பூட்டித் தண்ணீர் விட்டுப் பார்க்கிற வேலை மெக்கானிக்குடையது. குழாய் ஒழுகும், தொட்டி வழியும், தரையில் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும். ரப்பர் பூட்ஸுக்குள் பத்தொன்பது வருடமாக அவர் கால் காய்ந்ததே இல்லை. விரலிடுக்கு வெளுத்து, நகம் எல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பழைய சூப்பர்வைசர் ஓய்வு பெற்று அந்த நாற்காலி காலியாக இருந்தது. யாரைப் போடுவது என்று மேலிடத்துக்கு எழுதப் போகிறவர் அதிகாரி. இந்த மாதக் கடைசிக்குள் எழுதிவிடுவார் என்று பேச்சு. இந்த நேரம் பார்த்துத்தான் மெக்கானிக்குக் காய்ச்சல் வந்தது.

சாதாரணச் சளிக் காய்ச்சல். மூன்று நாள் கஷாயம் குடித்து, இருமிக்கொண்டே வேலைக்கு வந்தார். திங்கட்கிழமை காலை அதிகாரி கடிகார ஜோக்கைச் சொன்னார். மெக்கானிக் வழக்கம்போல மூச்சை இழுத்தார். வலது விலாவுக்குள் யாரோ கத்தியை விட்டுத் திருப்பின மாதிரி இருந்தது. 'ஹ' வெளியே வந்துவிட்டது, 'ஹா' வரவில்லை. பாதிச் சிரிப்பில் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார். அதிகாரி அவரைப் பார்த்தார். அந்த இடைவெளியில் ஸ்டோர்கீப்பர் புகுந்து மீதிச் சிரிப்பைச் சிரித்து முடித்தார். நாலு வருடத்தில் முதல் தடவையாக முன்னால் போய்விட்ட சந்தோஷத்தில், 'ஐயோ சார்' கூடச் சொல்லிவிட்டார்.

அன்று முழுக்க மெக்கானிக் மூச்சைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் ஆழமாக இழுத்தால் குத்தியது. இருமினால் கண்ணில் தண்ணீர் வந்தது. தும்மல் வந்தபோது உயிர் போய்த் திரும்பி வந்தது. வலிக்கிற பக்கத்தைக் கையால் அழுத்திக்கொண்டால் கொஞ்சம் தேவலை என்று கண்டுபிடித்து, இடது கையால் வலது விலாவைப் பிடித்துக்கொண்டே ஒற்றைக் கையில் மீட்டர் பூட்டினார்.

நோய் வந்தால் முதலில் வருவது வைத்தியம் இல்லை, கருத்து. ஸ்டோர்கீப்பர் இதயம் என்றார். இதயம் இடது பக்கம்தானே என்றதற்கு, வலி இடம் மாறிக் காட்டும், தன் உறவுக்காரர் ஒருவருக்கு முழங்காலில் காட்டியது என்றார். வீட்டுக்கு வந்தால் மச்சினன் உட்கார்ந்திருந்தான். அவன் உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஆறு மாதம் போனவன், அதில் பாதி நாள் கண்ணாடி முன்னால் நின்றவன். விலாவை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, 'தசை பிடிச்சிருக்கு மாமா' என்று தீர்ப்பு சொல்லி, தன்னுடைய இடுப்புப் பட்டையைக் கழற்றி நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டான். மாடி வீட்டுக்காரர் வாயு என்றார். எதிர் வீட்டம்மா, விசிறிக்கு நேராகப் படுத்தால் இப்படித்தான் என்று சொல்லி ஒரு எண்ணெய்க் குப்பியைக் கொடுத்தனுப்பினார்.

கருத்து சொல்லாமல் மிச்சம் இருந்தவர் மனைவி ஒருவர்தான். அவருக்குத் தையல் வேலை. பள்ளிச் சீருடைகள் மொத்தமாக வெட்டி வரும், வீட்டில் உட்கார்ந்து தைத்துக் கொடுப்பார். மிஷினை நிறுத்திவிட்டுப் புருஷனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சட்டை மேல் பட்டனிலிருந்து கீழ் பட்டன் வரை இடது பக்கம் ஏறி இறங்கியது, வலது பக்கம் அசையாமல் கிடந்தது. துணி எங்கே இழுக்கிறது என்று பார்த்தே பழகின கண்.

"தசையும் இல்ல, வாயுவும் இல்ல. கெளம்புங்க, டாக்டர்கிட்ட போலாம்" என்றார்.

டாக்டரம்மா சின்ன வயது. முதல் காரியமாக அந்தப் பட்டையை அவிழ்க்கச் சொன்னார். முதுகில் குழலை வைத்து, மூச்சை இழுங்க, விடுங்க என்றார். இழுத்தபோதெல்லாம் மெக்கானிக்கின் முகம் கோணியது. டாக்டரம்மா குழலைக் கழற்றி அவர் காதிலேயே மாட்டிவிட்டார். கேட்டது. புதுத் தோல் செருப்பு போட்டுக்கொண்டு யாரோ உள்ளே நடப்பது மாதிரி கறக் கறக் என்று ஒரு சத்தம். பத்தொன்பது வருடமாக மீட்டருக்குக் காது கொடுத்தவருக்கு, இது உரசுகிற சத்தம் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நுரையீரலைச் சுற்றி மெல்லிசாக இரண்டு உறை உண்டு என்று டாக்டரம்மா விளக்கினார். ஒன்று நுரையீரலோடு ஒட்டினது, இன்னொன்று விலாவின் உள்பக்கம் ஒட்டினது. நடுவில் வழுக்கிக்கொடுக்க ஒரு துளி நீர். மூச்சு விடும்போதெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று சத்தமில்லாமல் வழுக்கும். சளி உள்ளே இறங்கி அந்த உறை புண்ணாகிவிட்டால், வழுக்காமல் உரசும். அதுதான் இந்தக் குத்தல். பெயர் ப்ளூரிசி. எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்ததில் வலது நுரையீரலின் அடியில் கொஞ்சம் மங்கலாக இருந்தது. கிருமிக்கு ஒரு மாத்திரை, பத்து நாள். வலிக்கு ஒரு மாத்திரை. வேலைக்குப் போகாமல் ஓய்வு.

"அஞ்சாம் நாள் கண்டிப்பா வந்து காட்டணும். வலி போயிட்டாலும் வரணும்" என்று டாக்டரம்மா விரலை நீட்டிச் சொன்னார். "மூச்சு வாங்குச்சுன்னா அன்னிக்கே ஓடி வாங்க."

மெக்கானிக் தலையாட்டினார். தன் மனத்தில் இருந்த ஒரே கேள்வியை மெதுவாகக் கேட்டார். "சிரிக்கலாமா டாக்டர்?"

அப்படி ஒரு கேள்வியை டாக்டரம்மா எதிர்பார்க்கவில்லை. இருமும்போதும் சிரிக்கும்போதும் ஒரு தலையணையை விலாவோடு சேர்த்து அழுத்திக்கொண்டால் வலி குறையும் என்றார். மற்ற யோசனைகள் எதுவும் மெக்கானிக்கின் காதில் ஏறவில்லை. இது மட்டும் ஏறியது.

ஓய்வாவது ஒன்றாவது. மாதக் கடைசிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. மறுநாள் காலை சாப்பாட்டுப் பையோடு ஒரு சின்னத் தலையணையும் பட்டறைக்குப் போனது. சீருடைத் துணியில் மிச்சம் விழுந்த துண்டுகளை வைத்து மனைவி தைத்தது. போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்து அலுத்துப்போய்த்தான் தைத்துக் கொடுத்தார். ஒன்பதரைக்கு வட்டம் கூடியது. மெக்கானிக் தலையணையைக் குழந்தையைப் போலக் கட்டிக்கொண்டு நின்றார். அதிகாரி ஜோக்கை முடித்தார். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு, தலையணையை நசுக்கிக்கொண்டு, முழுச் சிரிப்பையும் சிரித்தார். வலி தாங்காமல் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. தோள் குலுங்குவதற்குப் பதில் உடம்பே முறுக்கிக்கொண்டது. 'ஐயோ' மட்டும் வந்தது, 'சார்' வரவில்லை.

அதிகாரி நெகிழ்ந்துபோனார். தன் நகைச்சுவைக்கு ஒருவர் நிஜமாகவே அழுவதை அவர் பார்த்ததில்லை. சிரிப்பில் விலா வலிக்கும் என்று தலையணையோடு வேலைக்கு வருகிற அளவுக்கு ஒரு ரசிகர். கூட்டம் கலைந்ததும் மெக்கானிக்கின் தோளில் கைபோட்டு, சூப்பர்வைசர் அறைக்கு ரசனை உள்ள ஆள்தான் வேண்டும் என்று சூசகமாகச் சொல்லிவிட்டுப் போனார். ஸ்டோர்கீப்பருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

நாலு நாள் இப்படி ஓடியது. ஐந்தாம் நாள் காலை எழுந்தபோது வலியைக் காணோம். மெக்கானிக் பயந்து பயந்து மூச்சை இழுத்துப் பார்த்தார். குத்தவில்லை. இருமிப் பார்த்தார். குத்தவில்லை. அவ்வளவுதான், வெற்றியில் பங்கு கேட்க ஆள் வரிசை கட்டியது. பட்டை இறுக்கினது வீண் போகவில்லை என்றான் மச்சினன். எதிர் வீட்டம்மா காலிக் குப்பியைத் திருப்பி வாங்கிக்கொண்டு, தெருவில் மூன்று வீட்டுக்கு விஷயத்தைச் சொன்னார். இதயம் தானாகவே சரியாகிவிடுவதும் உண்டு என்றார் ஸ்டோர்கீப்பர்.

மெக்கானிக் இதில் எதையும் நம்பவில்லை. அவர் நம்பினது பட்டறையின் முறையை. அந்த முறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மீட்டர் கரகரவென்று சத்தம் போடுகிறது என்றுதான் வீடுகளிலிருந்து முக்கால்வாசிப் புகார் வரும். ஒவ்வொரு புகாருக்கும் ஒரு அட்டை. சோதனை மேடை புது மீட்டருக்குத்தான். புகார் மீட்டரை மெக்கானிக் தட்டி, திருகி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, காதில் வைத்துக் கேட்பார். சத்தம் இல்லை என்றால் அட்டையில் 'சத்தம் நின்றது, புகார் முடிந்தது' என்று எழுதி அட்டைக் கட்டோடு சேர்த்துவிடுவார். ஏன் நின்றது என்று பார்க்க அட்டையில் இடம் இல்லை. உள்ளே சக்கரம் வழுக்கி ஓடினாலும் சத்தம் வராது, சக்கரம் பல் உடைந்து ஓடாமலே நின்றுவிட்டாலும் சத்தம் வராது. ஓடாத மீட்டர் உள்ள வீட்டுக்காரர் வாயைத் திறப்பாரா என்ன? தண்ணீர் பாட்டுக்கு வரும், முள் பாட்டுக்குத் தூங்கும். ஆகவே மறு புகார் வருவதில்லை. மறு புகாரே வராத பட்டறை என்று அதிகாரி மேலிடத்தில் பாராட்டுக் கடிதம் வாங்கிக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருந்தார்.

இந்தப் பழக்கத்தில் ஊறினவர் தன் விலாவுக்கு மட்டும் வேறு சட்டம் போடுவாரா? மத்தியானம் ஒரு வெற்று அட்டையை எடுத்து, விளையாட்டாக, 'புகார்: வலது விலா. சத்தம் நின்றது, புகார் முடிந்தது' என்று எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் டாக்டரிடம் போக வேண்டிய நேரத்தில் அதை எடுத்து மனைவியிடம் காட்டினார். மீதி மாத்திரைகளை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டார்.

மனைவி அட்டையைப் படித்தார். "நூல் அறுந்துபோனாலும் மிஷின் சத்தமில்லாமத்தான் ஓடும். தையல் விழுந்துச்சான்னு திருப்பிப் பார்க்க வேணாமா?" என்று கேட்டார்.

"உனக்கு மிஷின் தெரியும், மீட்டர் தெரியாது" என்றார் மெக்கானிக்.

மூன்று நாள் நன்றாகத்தான் இருந்தது, அல்லது நன்றாக இருப்பதாக அவர் முடிவுகட்டியிருந்தார். நாலாம் நாள் பட்டறை வாசலிலிருந்து மேடைக்கு நடப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்றார். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டார். சாயங்காலத்தில் லேசாக உடம்பு சுட்டது. வெயில் என்று நினைத்துக்கொண்டார். நேராகப் படுத்தால் மூச்சு முட்டியது, எழுந்து சுவரில் சாய்ந்தால் சரியாக இருந்தது. தலையணை சரியில்லை என்று நினைத்துக்கொண்டார். டாக்டர்கிட்ட போலாமா என்று மனைவி மூச்சுக்கு முன்னூறு தடவை கேட்டார். மாதக் கடைசி ஆகட்டும் என்பதே பதில். தினமும் காலையில் சிரிப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகிக்கொண்டு வந்தது. வலி இல்லை, காற்றுத்தான் போதவில்லை.

மாதக் கடைசி வந்தது. மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி பட்டறையைப் பார்க்க வந்தார். நம்முடைய அதிகாரி அவரைப் பாராட்டுக் கடிதத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்கவைத்துவிட்டு, சோதனை மேடைக்கு அழைத்து வந்தார். வட்டம் கூடியது. இன்று யானை ஜோக் என்று எல்லோருக்கும் தெரியும். யானை ஒன்று குடிநீர் இணைப்பு கேட்டு மனுப் போடுகிற அந்த ஜோக் ஏழு நிமிடம் ஓடும், விசேஷ நாட்களுக்கு மட்டும் வெளியே எடுப்பார். மெக்கானிக் ரப்பர் பூட்ஸில், ஈரத்தில் நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்தே மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நின்று திரும்பிக்கொண்டிருந்தது. மூன்று படிக்கு மேலே அந்த அறையின் கதவு திறந்திருந்தது. காய்ந்த தரை தெரிந்தது. இன்னும் ஒரே ஒரு சிரிப்பு.

யானை கையெழுத்துக்குப் பதில் கால்ரேகை வைத்தது. ஜோக் முடிந்தது. பெரிய அதிகாரி முழித்தார். எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். மெக்கானிக் வாயைத் திறந்தார். உதடு விரிந்தது, தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தார். கையை நெஞ்சில் வைத்தார். அப்படியே மேடையைப் பிடித்துக்கொண்டு சரிந்து, தண்ணீரில் உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்தார்.

பட்டறை அதிரச் சிரித்தது. விழுந்து விழுந்து சிரிப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள், அன்றுதான் கண்ணால் பார்த்தார்கள். அதிகாரி பெருமையில் மிதந்தார். பெரிய அதிகாரிக்கே சிரிப்பு தொற்றிக்கொண்டது. தரையில் கிடந்தவருக்கு எல்லாம் கேட்டது. நான் சிரிக்கவில்லை என்று சொல்ல ஒரு மூச்சு வேண்டும், அந்த ஒரு மூச்சு கிடைக்கவில்லை. இப்படியே செத்துப்போனாலும் சிரித்தே செத்தான் என்றுதான் சொல்வார்கள் என்று தோன்றியதும் அவருக்குப் பயம் வந்தது. பத்தொன்பது வருடத்தில் வராத பயம்.

சிரிக்காமல் நின்றவர் ஒரே ஆள், ஸ்டோர்கீப்பர். பெரிய அதிகாரியை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, தண்ணீரில் மண்டியிட்டு, மெக்கானிக்கைத் தூக்கி உட்காரவைத்தார்.

"சிரிப்பை நிறுத்துங்கய்யா. இவர் சிரிக்கல" என்று கத்தினார். "நாலு வருஷமா இவர் வாயைப் பார்த்துட்டு நிக்கிறவன் நான். எது சிரிப்புன்னு எனக்குத் தெரியாதா? உதடு நீலமா இருக்கு, வண்டியக் கூப்பிடுங்க."

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா. இந்தத் தடவை குழலை வைக்குமுன் முதுகில் ஒரு விரலை வைத்து, இன்னொரு விரலால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தார். டங் டங் என்று வந்த சத்தம் தோள்பட்டைக்குக் கொஞ்சம் கீழே மந்தமாகிவிட்டது. ஆக்ஸிஜன் முகமூடிக்குள் இருந்தாலும் மெக்கானிக்குப் புரிந்துவிட்டது. பட்டறையில் இரும்புத் தொட்டியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அவரும் இப்படித்தான் தட்டிப் பார்ப்பார். வலது பக்கம் முக்கால் தொட்டி நிரம்பியிருந்தது.

அவரை உட்காரவைத்து, முன்னால் ஒரு மேஜையில் தலையணை போட்டு அதன்மேல் கவிழச் சொன்னார்கள். முதுகை மரக்கவைத்து, விலாவுக்கு நடுவே ஊசியை விட்டு எடுத்தார்கள். கலங்கின மஞ்சள் நீர், ஒரு லிட்டருக்கு மேல். அதைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், அரைகுறை மாத்திரையில் சாகாமல் தப்பின பழைய கிருமிதான் என்று பதில் வந்தது. பக்கவாட்டில் குழாய் வைத்து மீதியையும் வடித்தார்கள். பத்து நாள் ஊசி போட்டார்கள்.

கொஞ்சம் பேச முடிந்ததும் அவர் டாக்டரம்மாவிடம் கேட்டார். "வலி நின்னுடுச்சே டாக்டர். அப்புறம் எப்படி?"

"அதனாலதான் நின்னுது" என்றார் டாக்டரம்மா. "ரெண்டு உறையும் உரசினாத்தானே வலி? நடுவுல தண்ணி பூந்து ரெண்டையும் பிரிச்சு வெச்சிருச்சு. உரசல் இல்ல, வலியும் இல்ல. தண்ணி ஏறி நுரையீரலை அமுக்கிட்டே வந்திருக்கு. வலி போயிட்டாலும் வாங்கன்னு நான் சொன்னேனே."

மெக்கானிக்குப் பட்டறை அலமாரியில் கட்டுக் கட்டாக இருக்கும் அட்டைகள் ஞாபகம் வந்தன. அத்தனையிலும் அவர் கையெழுத்து. சத்தம் நின்றது, சத்தம் நின்றது. எத்தனை சக்கரம் பல் உடைந்து கிடக்கிறதோ. அவருக்கு வெட்கமாக இருந்தது.

தேறி வருவது வியாதியை விட நீளமாக இருந்தது. டாக்டரம்மா ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்தார். மூன்று குழல், குழலுக்கு ஒரு பந்து. குழாயை வாயில் வைத்து மூச்சை மெல்ல உள்ளே இழுத்தால் பந்து மேலே ஏறும். முதல் நாள் ஒரு பந்து பாதி வரை எழுந்து, சலித்துக்கொண்டு விழுந்தது. மச்சினன் வாங்கி இழுத்தான், மூன்றும் ஏறிவிட்டன. அந்த ரோஷத்திலேயே மெக்கானிக் மணிக்குப் பத்துத் தடவை இழுத்தார். மாத்திரையை மனைவி எண்ணி எடுத்துக் கையில் வைத்து, விழுங்கின பிறகு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். தெருமுனை வரை நடை, பிறகு இரண்டு தெரு. இரண்டாவது பந்து மூன்றாம் வாரம் ஏறியது. மூன்றாவது பந்து ஏறி அசையாமல் நின்ற அன்று, படத்திலும் வலது பக்கம் கறுப்பாகத் தெளிந்திருந்தது. நுரையீரல் விரிந்துவிட்டது, இனி எல்லா வேலையும் செய்யலாம் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். அவர் சொன்ன நாளில் ஒன்றுகூடத் தவறாமல் போய்க் காட்டி வாங்கின சீட்டு அது.

இரண்டு மாதம் கழித்துப் பட்டறைக்குப் போனால், வேடிக்கையைப் பாருங்கள், நாற்காலி அவருக்குத்தான். மேலிடத்து அதிகாரி முன்னால் ஜோக்குக்கு உருண்டு விழுந்த விசுவாசத்தை நம் அதிகாரி மறக்கவில்லை. அது நோய் என்று எல்லோரும் சொல்லியும், ஜோக்குதான் நோயைக் கிளப்பிவிட்டது என்று அவர் நம்பினார். மெக்கானிக் மூன்று படி ஏறினார். பூட்ஸைக் கழற்றிவிட்டு, வெறும் காலைக் காய்ந்த சிமெண்டுத் தரையில் வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அவ்வளவு சுகமாக இருந்தது.

சூப்பர்வைசருக்கு ஒரே வேலை, முடிந்த அட்டைகளில் கையெழுத்துப் போடுவது. முதல் அட்டை வந்தது. சத்தம் நின்றது, புகார் முடிந்தது. பேனாவைத் திறந்தார். மூடினார். அந்த மீட்டரை மேடையில் பூட்டித் தண்ணீர் விட்டுப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். தண்ணீர் போனது, முள் அசையவில்லை. அன்று வந்த முப்பது அட்டையில் பதினொன்று திரும்பிப் போனது.

மறுநாள் ஒன்பதரைக்கு வட்டம் கூடியது. அதிகாரி கடிகார ஜோக்கைச் சொல்லி முடித்துவிட்டு, ஆசையோடு மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக்கின் நெஞ்சு நிறையக் காற்று இருந்தது. மூன்று பந்தையும் தூக்கி நிறுத்துகிற காற்று. எங்கேயும் குத்தவில்லை. அவர் சும்மா நின்றார். ஸ்டோர்கீப்பர் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தொட்டியில் தண்ணீர் வழிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னும் வலிக்குதா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்ல சார். இப்ப வலி சுத்தமா இல்ல" என்றார் மெக்கானிக்.

வாரம் முடிவதற்குள் உத்தரவு வந்துவிட்டது. சூப்பர்வைசர் அறையின் காகிதத் தூசி நுரையீரலுக்கு ஆகாது என்பதால், ஊழியரின் உடல்நலன் கருதி, அவர் மீண்டும் சோதனை மேடைக்கே மாற்றப்படுகிறார். நாற்காலி ஸ்டோர்கீப்பருக்குப் போனது. அவர் கீழே இறங்கி வந்து மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பதினொரு மீட்டரையும் தண்ணீர் விட்டுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று மட்டும் போகும்போது சொன்னார்.

சாயங்காலம் ஈரக் காலோடு வீட்டுக்கு வந்து, வாசற்படியில் உட்கார்ந்து, மெக்கானிக் உத்தரவைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். மனைவி மிஷினை மிதித்துக்கொண்டே கேட்டார். காலர் மூலையில் துணியைத் திருப்பிவிட்டு, தலையைத் தூக்காமலே சொன்னார்.

"நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிட்ட மனுஷனை, உடம்பு நல்லா இருக்கணும்னு தண்ணியில நிக்க வெச்சிருக்காரு. உங்க ஆபீசருக்கு ஜோக்கு சொல்ல வராதுன்னு யாருங்க சொன்னது?"

மெக்கானிக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பியது. பழக்கதோஷத்தில் கை தலையணையைத் தேடியது. அது கிடைப்பதற்குள் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. 'ஹஹ்ஹஹ்ஹா' இல்லை. கோணலாக, மூக்கால், நடுவில் ஒரு விக்கலோடு வருகிற சிரிப்பு. நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை. எங்கேயும் வலிக்கவும் இல்லை.

மிஷின் நின்றது. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் புருஷனின் சிரிப்பை ஊரார் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். முதலில் ஈரக் கால் எரிச்சலோடும், இந்த நாலு வருடமாகச் சிரிப்பைப் பட்டறையிலேயே செலவழித்துவிட்டும், உதட்டை இறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவரைத்தான் அவர் பார்த்திருந்தார்.

"இதானா ஆபீஸ்ல நீங்க சிரிக்கிற சிரிப்பு?" என்று கேட்டார்.

"இல்லம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் மெக்கானிக். "இது அங்க யாரும் கேட்டதில்ல."

மனைவி இன்னும் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் காலுக்குப் பழைய சீருடைத் துணி ஒன்றைத் துடைத்துக்கொள்ள எடுத்துப் போட்டுவிட்டு, மிஷினுக்குத் திரும்பினார்.